ஊன்றாத கால்

எலும்பு ஒட்டவில்லை என்று டாக்டரம்மா சொன்னதை, மர நாற்காலி செய்து விற்கிற நாற்காலிக்காரர் நம்பவில்லை. ஒட்டிவிட்டது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார், அது வேறு விஷயம். இடது தொடைக்குள் கம்பி ஏறிய நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார் அந்த மனுஷன்.

டாக்டரம்மா குள்ளம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டுவதற்கு ஒரு எம்பு எம்பினார். கம்பி போட்டவரும் அவர்தான்.

"இதோ பாருங்க, இந்தக் கறுப்புக் கோடு. உடைஞ்சப்போ எப்படி இருந்துச்சோ, கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு. இத்தனை மாசத்துல இங்க வெள்ளையா புது எலும்பு விழுந்து மூடியிருக்கணும். மூடல."

"கம்பி நல்ல கம்பிதானா டாக்டரம்மா?"

"கம்பிக்கு ஒண்ணும் ஆகல. சீழ் பிடிச்சிருக்கான்னும் பரிசோதனை பண்ணிப் பார்த்தாச்சு, இல்ல. எலும்புதான் வேலை செய்யாம உக்காந்திருக்கு. பீடி சிகரெட் பழக்கம்?"

"இல்லைங்க. பட்டறை முழுக்க மரத்தூளும் வார்னிஷும். நெருப்பு ஆகாது."

"சரி. நான் சொன்ன மாதிரி காலை நல்லா ஊன்றி நடக்கிறீங்கல்ல?"

"நடக்கிறேன்."

"பட்டறை முழுக்கச் சுத்திக்கிட்டுத்தாங்க இருக்காரு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் தொடையெலும்பை வரைந்து காட்டினார். பழைய கம்பியை உருவிவிட்டு, எலும்பின் உள்பக்கத்தை இன்னும் கொஞ்சம் குடைந்து, அதைவிடத் தடியான கம்பி போட வேண்டும். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து உடைந்த இடத்தில் வைக்க வேண்டும். இதுவரை நாற்காலிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அதற்கு அடுத்து வந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது.

"போன தடவை மேலேயும் கீழேயும் ஸ்க்ரூ போட்டு அசையாமப் பூட்டிட்டேன். இந்தத் தடவை கீழ் ஸ்க்ரூவை நீளவாட்டுத் துளையில போடுவேன். நீங்க ஊன்றும்போது ரெண்டு முனையும் கொஞ்சம் நெருங்கி ஒண்ணையொண்ணு அழுத்த இடம் கிடைக்கும்."

"அதாவது... ஸ்க்ரூ ஆடும்?"

"ஆடாது. கொஞ்சம் நகரும்."

நாற்காலிக்காரர் மனைவியைப் பார்த்தார். கேட்டியா, என்று கேட்டது அந்தப் பார்வை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்.

ஆட்டோவில் வரும்போது மழை. படுதா வழியாகச் சாரல் அடித்தது. வீடு வரும்வரை அவர் ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஒட்டாத ஜாயிண்டை ஒட்ட வைக்கிறதுக்கு ஸ்க்ரூவைத் தளர்த்துவாங்களாம். எந்த ஊரு நியாயம் இது? நான் ஒரு நாற்காலிக் காலை அப்படிப் பண்ணிக் குடுத்தா, வாங்கினவன் அதாலேயே என் மண்டையில போட மாட்டான்?"

வீட்டின் முன்பக்கம் முழுவதும் பட்டறை. ஆண்டுக்கணக்காக எங்கள் தெருவுக்கு மரத்தூள் வாசனையைக் கொடுப்பது அதுதான். நாற்காலிகளைத் தவிர அவர் பெரிதாக எதையும் செய்வதில்லை. செய்கிற நாற்காலி ஆடாது, கிறீச்சிடாது. பின்கட்டில் மனைவியின் தையல் மெஷின். அந்த நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பது அவள். ஜன்னல் கொல்லையைப் பார்த்து இருப்பதால், மெஷினில் உட்கார்ந்துவிட்டால் பட்டறையில் இடியே விழுந்தாலும் அவளுக்குச் சத்தம்தான் வரும், காட்சி வராது.

பட்டறையில் பாலிஷ்காரர் காத்திருந்தார். கூலிக்கு வருகிறவர், ஆனால் வீட்டு மனுஷன் மாதிரி. இரண்டு பேருமாக ஒரு பெரிய மர அலமாரியை மாடியிலிருந்து இறக்கியபோதுதான் அந்த விபத்து. மேல் முனை பாலிஷ்காரர் கையில், கீழ் முனை நாற்காலிக்காரர் கையில். மேலே பிடி நழுவியது. அலமாரிக்குக் கீறல்கூட இல்லை. அதற்கப்புறம் இந்த வீட்டில் பிடி நழுவியதைப் பற்றி யாருமே பேசவில்லை, பாலிஷ்காரர் மட்டும் மற்ற எல்லோருடைய பிடியைப் பற்றியும் ஓயாமல் பேசினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"அண்ணே, நான் அன்னிக்கே சொன்னேன். மட்டக் கம்பி. நல்ல கம்பின்னா இந்நேரம் நீங்க ஓடணும்" என்றார் அவர்.

"கம்பி நல்லாத்தான் இருக்காம். என் எலும்புதான் சோம்பேறியாம்."

"இது என்ன பேச்சு? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"இப்ப இடுப்பெலும்பு வேற வேணுமாம்."

பாலிஷ்காரர் துணியைக் கீழே போட்டுவிட்டார். "இடுப்பெலும்பா? அண்ணே, கொஞ்சம்னு சொல்லிட்டு எவ்வளவு எடுப்பாங்கன்னு யாரு பார்த்தா? நீங்கதான் மயக்கத்துல கிடப்பீங்களே. எலும்பெல்லாம் இப்ப நல்ல விலைக்குப் போகுதாம்."

"யாரு தம்பி வாங்குறா?" உள்ளேயிருந்து டீயோடு வந்த மனைவி கேட்டாள்.

"அது தெரியாது அண்ணி. ஆனா போகுதாம்."

இந்த 'தெரியாது, ஆனா போகுதாம்' ஏற்கெனவே ஒரு குடும்பத்தைப் பிரித்திருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு அவர்களைக் கொண்டுபோனது அவளுடைய தம்பி. அங்கே துணி மூட்டை ஏற்றும் வேனை ஓட்டுகிறான். ஆள் கொண்டுவருகிறவனுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் கமிஷன் தருவார்கள் என்று பாலிஷ்காரர் ஒரு நாள் சொல்ல, நாற்காலிக்காரர் அதை இரவும் பகலும் மெல்ல, கடைசியில் வந்த தம்பியிடம் அவளே கேட்டுவிட்டாள். "என் புருஷன் காலுக்கு நீ எவ்வளவுடா வாங்கின?" அவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றும் அவள்தான் சொன்னாள். மிதிக்கவில்லை. சந்தேகக் கோடு, அது சந்தோஷக் கேடு. பழமொழி எல்லோருக்கும் தெரியும், தெரிந்து என்ன செய்ய.

மழை இரண்டு நாளாக விடவில்லை. இப்படி ஈரக்காற்று அடிக்கும்போது மரப்பசை சீக்கிரம் காயாது. பசை போட்டு இறுக்கிய நாற்காலிகளைக் கிளாம்ப்போடு வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் 'தொடாதே' என்று எழுதி வைப்பது நாற்காலிக்காரர் வழக்கம். பூனை ஏறினால்கூடத் துரத்துவார். பட்டறைக்குள் போய்வர அவரே அக்குள் கட்டை இரண்டு செய்துகொண்டிருந்தார். அதோடு, கீழ்த் தட்டிலிருந்து சாமான் எடுக்கச் சௌகரியம் என்று சொல்லி, சக்கரம் வைத்த முக்காலி ஒன்று.

மூன்றாம் நாள் காலையில் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நனைந்து கிடந்த செருப்புகளை உலர வைக்கலாம் என்று மனைவி எடுத்து வந்து, அடுப்புப் பக்கத்தில் குப்புற வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவருக்கென்று அவளே வாங்கிய செருப்பு. வலது செருப்பு குதிகால் பக்கம் தேய்ந்து, ஓரம் பிய்ந்து, போதும் விடு என்கிற நிலையில் இருந்தது. இடது செருப்பின் அடியில் கடைக்காரர்கள் ஒட்டும் அளவுச் சீட்டு அப்படியே இருந்தது. எண் அழியவில்லை.

அவள் அந்தச் சீட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

அன்று மெஷினில் துணியை வைத்து, காலால் சும்மா மிதித்துச் சத்தம் மட்டும் வரவைத்தாள். பிறகு எழுந்து, மெத்தைப் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் நின்று பட்டறையைப் பார்த்தாள். கட்டின புருஷனைத் திருடனைப் பார்ப்பது மாதிரி ஒளிந்து பார்க்க வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகத்தான் இருந்தது. பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்து வலது காலால் உந்தி உந்தி உருண்டுகொண்டிருந்தார். எழுந்தால் அக்குள் கட்டை. இடது கால் தரைக்கு ஓர் அங்குலம் மேலே தொங்கிக்கொண்டே போனது. தெருவில் யாரோ கூப்பிட, அவர் திரும்பி நின்றபோது மட்டும் கட்டைவிரல் நுனி தரையைத் தொட்டது.

நேராகப் போய் செருப்பை அவர் மடியில் போட்டாள்.

"இது என்ன?"

"செருப்பு."

"யாரோடது?"

"காலங்காத்தால என்ன விளையாட்டு? என்னுதுதான்."

"உங்களுதுன்னா ஏன் இன்னும் கடையில இருக்கிற மாதிரியே இருக்கு? திருப்பிப் பாருங்க."

திருப்பிப் பார்த்தார். பார்க்காமலே அவருக்குத் தெரியும். பாலிஷ்காரர் அவசரமாக ஏதோ டப்பாவைத் தேடப் போனார்.

"இந்தக் காலை நீங்க தரையில வெச்சதே இல்ல. அப்படித்தானே?"

"கத்தாதே. தெருவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். ஏன் வெக்கல?"

நாற்காலிக்காரர் சுற்றிலும் பார்த்தார். கிளாம்ப்பில் நின்ற ஒரு நாற்காலியைக் காட்டினார். "இங்க வா. இதுல உக்காரு."

"பசை காயல."

"தெரியுதுல்ல? பசை காயறதுக்குள்ள எவனாவது உக்காருவானா? ஒரு தடவை அசைஞ்சா போதும், அந்த ஜாயிண்ட் ஆயுசுக்கும் ஆடும். சின்ன வயசுலேருந்து இதைத்தான் பார்க்கிறேன். அந்தம்மா, போட்ட மறுநாளே எழுந்து ஊன்றுங்கறாங்க. படிச்சவங்கதான், இல்லேங்கல. ஆனா ஒட்டுன்னா ஒட்டுதான். மரமா இருந்தா என்ன, எலும்பா இருந்தா என்ன? அதான் ஆடாம அசையாமப் பாத்துக்கிட்டேன். கண்ணாடிச் சாமான் மாதிரி பாத்துக்கிட்டேன்."

"அவங்க கேக்கும்போது நடக்கிறேன்னீங்களே?"

"வேற என்ன சொல்றது? நீங்க சொல்றது தப்புன்னு டாக்டர்கிட்ட சொல்ல முடியுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும். இரண்டும் சேர்ந்து வந்ததில் ஒரு விக்கல்தான் வெளியே வந்தது.

"நான் வேற பக்கத்துல உக்காந்து ஆமாம்னேன். கம்பியைச் சந்தேகப்பட்டீங்க. டாக்டரைச் சந்தேகப்பட்டீங்க. என் கூடப் பொறந்தவனைச் சந்தேகப்பட்டீங்க. உங்க பேச்சைக் கேட்டு அவனை நான் நாக்கு மேல பல்லுப் போட்டுக் கேட்டேன். குடிச்ச டீயைப் பாதியில வெச்சிட்டுப் போனான். உங்க காலை மட்டும் ஒருத்தரும் சந்தேகப்படலியே!"

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதே. மானம் போயிடும்."

"மானம் போனா வரும். கால் போனா?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. மழையோடு மழையாக ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போனாள். தம்பி அழுக்குத் துணி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு மூட்டையைத் தேவைக்கு மேல் பலமாக எறிந்தான்.

"என்ன, மிச்ச கமிஷனை வாங்க வந்தியா?"

"திட்டுடா. நல்லாத் திட்டு. திட்டிட்டு வீட்டுக்கு வா."

"வாசப்படி மிதிக்காதேன்னது யாரு?"

"நான்தான். புத்தி கெட்டுப் போய்ச் சொன்னேன். அவரு காலை ஊன்றவே இல்லடா. உன் மேல ஒரு தப்பும் இல்ல, டாக்டர் மேலயும் இல்ல."

அவன் கடைசி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "இத்தனை நாளும் நான்தான் ஏதோ தப்பான இடத்துல கொண்டாந்து சேர்த்துட்டேனோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், அக்கா. ஒவ்வொரு தடவையும் அந்த வார்டு வாசலைத் தாண்டும்போது வேற பக்கம் பாத்துக்கிட்டே போவேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "அந்த மனுஷன் கொக்கா? ஒத்தைக் காலிலேயா நின்னாரு?"

மறுவாரம் டாக்டரம்மா முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நாற்காலிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் மேஜையில் செருப்பை வைக்கலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

"இவரு ஒரு நாளும் ஊன்றலைங்க. பசை மாதிரி காய விடணும்னு நினைச்சிருக்காரு. நான் ஆமாம் போட்டது என் தப்பு."

டாக்டரம்மா செருப்பைத் திருப்பி அந்தச் சீட்டைப் படித்தார். சிரிப்பார் என்று நாற்காலிக்காரர் பயந்துகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"வாயால கேட்டேன், வாயால சொன்னீங்க, நம்பிட்டேன். நிக்க வெச்சுப் பார்த்திருக்கணும்" என்றார். "இதனாலதான் ஒட்டலன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். எல்லாம் ஒழுங்காப் பண்ணினவங்களுக்கும் சில சமயம் ஒட்டாமப் போகும். ஆனா இது ஒரு காரணமா இருக்கலாம். பசையைத் தொடக் கூடாது, சரி. எலும்பு உசிருள்ள சாமான். தன் மேல சுமை வந்தாத்தான் அதுக்கு வேலை செய்யணும்னு தோணும்."

"அப்போ இனிமே ஊன்றினாப் போதுமா? அறுக்க வேண்டாமா?" என்றார் நாற்காலிக்காரர், சட்டென்று நிமிர்ந்து.

"அந்தக் கட்டம் தாண்டிடுச்சு. இடைவெளி அப்படியே நின்னுபோச்சு, இனி ஆபரேஷன்தான். நான் கம்பி போடுவேன், எலும்பு வைப்பேன். பாதி வேலை அதுதான். மறுபாதி உங்க பாதத்துல இருக்கு. மறுபடியும் தூக்கிக்கிட்டே திரிஞ்சீங்கன்னா கம்பியும் வீண், இடுப்பெலும்பும் வீண். மூணாவது தடவை பண்றது இதைவிடக் கஷ்டம். கட்டையை விடாமலேயே ஆயுசைக் கழிக்க வேண்டியிருக்கும்."

நாற்காலிக்காரர் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"அந்த இடுப்பெலும்பு... மிச்சம் இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"மிச்சமே இருக்காது. கஞ்சத்தனமாத்தான் சுரண்டுவேன்" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் அன்று அக்காவும் தம்பியும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். பாலிஷ்காரரும் வந்தார். ஒரு ஃபிளாஸ்க் நிறைய எலும்பு சூப். அறுத்துக்கொண்டிருக்கும்போது யார் குடிப்பது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வெகு நேரம் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர், திடீரென்று, "அண்ணி, அன்னிக்கு என் கை வேர்த்திருந்துச்சு" என்றார்.

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"அவருக்கும் தெரியும். இத்தனை நாளா யாரு யாரையோ சந்தேகப்பட்டாரு, உங்க மேல ஒரு வார்த்தை சொன்னாரா?"

பாலிஷ்காரர் ஃபிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு அழுதார். தம்பிதான் அவருக்கு அந்தச் சூப்பையே ஊற்றிக் கொடுத்தான். குடித்தார்.

தடியான கம்பி உள்ளே போனது. டாக்டரம்மா களைத்துப்போய் வெளியே வந்து, நினைத்தபடி முடிந்தது, இனி அவர் பாடு என்றார். வார்டில் ஆள் பக்கத்தில் நின்று பழக்கியபோது நாற்காலிக்காரர் ஊன்றிக் காட்டினார். சமத்துப்பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. மழை ஓய்ந்து பட்டறைக்குள் வெயில் விழுந்திருந்தது. தம்பி வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தான், ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு முடித்திருந்தான். அக்குள் கட்டைகளோடு நாற்காலிக்காரர் எழுந்து நின்றார். இடது பாதம் முழுவதும் தரையில்தான் இருந்தது.

"பார்த்துக்கோ. வெச்சாச்சு" என்றார்.

மனைவி அந்தப் பாதத்தையே பார்த்தாள். பிறகு அவர் தோளைப் பார்த்தாள். கட்டைகள் இரண்டும் அக்குளில் புதைந்து, தோள் காதுவரை ஏறியிருந்தது.

"வெச்சிருக்கீங்க. ஊன்றல."

"ஊன்றித்தான் இருக்கேன். உனக்கு எப்படித் தெரியும்? என் காலு, எனக்குத் தெரியாதா?"

"உங்க காலு சொன்னதைக் கேட்டுத்தான் இந்த நிலைமை."

அவள் இடது கை வளையலைக் கழற்றினாள். அவர் காலடியில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே இருக்க அந்தக் கையைத் தரையில் வைத்தாள்.

"காலைத் தூக்குங்க. இது மேல வைங்க."

"பைத்தியமா உனக்கு?"

"கண்ணை ஏமாத்தலாம். இதை ஏமாத்த முடியாது. மிதிங்க."

"தைக்கிற கை. நசுங்கிடும்."

"ஊசி பிடிக்கிறது வலது. இது துணி தள்ளுற கைதான். மிதிங்கன்னா."

"மச்சான், உங்க அக்காகிட்ட நீயாவது சொல்லேன்."

"அவ சொல்றதுதான் சரி, மாமா" என்று தம்பி பின்னால் வந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "விழ விட மாட்டேன். மிதிங்க."

பாதம் கைமேல் வந்து உட்கார்ந்தது. வேர்த்திருந்தது.

"ஈ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

கொஞ்சம் அழுத்தினார்.

"இப்ப பூனை. இன்னும்."

"பயமா இருக்கு" என்றார் அவர். அந்த வீட்டில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "உள்ள அது நகரும்னு சொன்னாங்கல்ல. நகர்ந்துடுமோன்னு பயமா இருக்கு."

"நகரட்டும். நெருங்கத்தானே நகருது."

அவர் ஒரு மூச்சு இழுத்துக் கட்டைகளிலிருந்து தோளை விடுவித்தார். எடை இறங்கியது. அவள் விரல் முட்டிகள் சிமெண்டில் அழுந்தின. முகம் சுருங்கியது. உடனே அவர் காலை எடுத்துவிட்டார்.

"ஏன் எடுத்தீங்க?"

"உன் மூஞ்சியைப் பார்த்தேன்."

"மூஞ்சியைப் பார்க்காதீங்க. சுவத்தைப் பாருங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். இந்த முறை நிறுத்தவில்லை. தொடையிலிருந்து வலி ஏறி அவர் வாயைத் திறக்கவைத்தது. அவளும் பல்லைக் கடித்தாள், ஆனால் வலது கையால் அவர் கணுக்காலைப் பிடித்து அங்கேயே நிறுத்தினாள். ஒரு ஆளின் கனம் அது. பொய் சொல்கிற கனம் இல்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வந்தது.

"இப்பவாவது நம்புறியா?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

"இல்ல" என்றாள் அவள், கையை எடுக்காமல். "இன்னொரு தடவை மிதிங்க."

மிதித்தார்.